ஒகேனக்கல்லுக்கு 2 நாள் ட்ரிப்: கிளம்பும் முன் பார்க்க வேண்டிய அந்த ஒரு எண்... பரிசல், அருவி, மீன் சாப்பாடு முழு விவரம்

'ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து அதிகரிப்பு. அருவிகளில் குளிக்க, பரிசல் இயக்கத் தடை.' ஜூன் மாதம் தொடங்கி ஆண்டு இறுதி வரை, டிவி திரையின் அடியில் ஓடும் இந்த வரியை நீங்க எத்தனையோ முறை பார்த்திருப்பீங்க. ஆனா சனி, ஞாயிறு லீவு கிடைச்சதும் குடும்பத்தோட கிளம்பிப் போய், அங்கே கேட் மூடியிருக்கிறதைப் பார்த்துட்டு ஏமாற்றத்தோட திரும்புறவங்களும் ஒவ்வொரு சீசனிலும் இருக்காங்க. இன்னும் சிலர், இவ்வளவு தூரம் வந்துட்டோமேன்னு தடையை மீறித் தண்ணீரில் இறங்குறாங்க. அது உயிர்ப் பிரச்னை.

பெண்ணாடம், விருத்தாசலம், திட்டக்குடி பக்கத்திலிருந்து ஒகேனக்கல் போக நினைக்கிறவங்களுக்கு 2 நாள், ஒரு இரவு போதும். ஆனா எந்த 2 நாள் என்பதை உங்க லீவு மட்டும் முடிவு செய்யாது, கர்நாடகாவில் இருக்கும் அணைகளும் சேர்ந்துதான் முடிவு செய்யும். அது எப்படி? தடை போட்டாலும் பயணம் வீணாகாம என்ன செய்யலாம்? ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

சுருக்கமா 5 பாயிண்ட்

• கிளம்புற அன்னைக்குக் காலையில் ஒகேனக்கல் நீர்வரத்து எத்தனை கனஅடின்னு செய்தியில் பாருங்க. தடை இருக்கான்னு உறுதி செய்யுங்க.
• பரிசல் சவாரிக்கு லைஃப் ஜாக்கெட் கட்டாயம். அது இல்லாம ஏறாதீங்க.
• உள்ளூரில் மழை இல்லைன்னாலும் ஆற்றில் தண்ணீர் ஏறும். வெயிலை நம்பி இறங்கக் கூடாது.
• முதல் நாள் பார்க்க, இரண்டாம் நாள் காலை குளிக்க, பரிசலில் போக. இந்த வரிசைதான் வசதி.
• தடைன்னா மேட்டூர், பாப்பாரப்பட்டி, அதியமான்கோட்டை என மாற்றுத் திட்டம் கையில் இருக்கட்டும்.

ஒகேனக்கல்: பெயரிலேயே இருக்கு புகை

தருமபுரி மாவட்டம், பென்னாகரம் வட்டத்தில், தமிழ்நாடு-கர்நாடக எல்லையில் காவிரி பாறைகளைப் பிளந்துகிட்டு விழும் இடம்தான் ஒகேனக்கல். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை, 'கல்லு' என்றால் கல். தண்ணீர் விழும் வேகத்தில் சாரல் புகை மாதிரி எழும்புறதால் 'புகையும் கல்' என்று பெயர் வந்தது.

இதே காரணத்தால் இதே மாதிரி பெயர் வாங்கிய இன்னொரு அருவி ஆப்பிரிக்காவில் இருக்கு. ஜாம்பியா, ஜிம்பாப்வே நாடுகளின் எல்லையில் ஜாம்பெசி ஆற்றில் விழும் விக்டோரியா அருவிதான் அது. உள்ளூர் மக்கள் அதை 'மோசி-ஓவா-துன்யா' என்கிறாங்க. 'இடியாய் முழங்கும் புகை' என்று அர்த்தம். 1855-ல் அங்கே போன டேவிட் லிவிங்ஸ்டன்தான் அதுக்கு இங்கிலாந்து ராணியின் பெயரை வைத்தார். சுமார் 1,700 மீட்டர் அகலம், 100 மீட்டருக்கு மேல் உயரம் என்று அளவில் அது பிரம்மாண்டம். ஆனா விஷயம் ஒண்ணுதான். ஜாம்பெசியில் வெள்ளம் பெருகும் ஏப்ரல் மாதத்தில் சாரல் மறைச்சு அருவியே சரியா தெரியாது. அருவியின் விளிம்பில் இருக்கும் 'டெவில்ஸ் பூல்' குளத்தில், தண்ணீர் குறைஞ்ச மாதங்களில் மட்டும், வழிகாட்டியோட தான் இறங்க விடுவாங்க. அதாவது, ஆறு அனுமதிச்சாதான் குளியல். ஒகேனக்கல்லிலும் அதே விதிதான்.

இங்குள்ள பாறைகளும் சாதாரணமானவை இல்லை. ஒகேனக்கல் பகுதியில் இருக்கும் கார்பனடைட் வகைப் பாறைகள் சுமார் 240 கோடி ஆண்டு பழமையானவை என்று புவியியல் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்காங்க. பரிசலில் போகும்போது ரெண்டு பக்கமும் சுவர் மாதிரி நிற்கும் பாறைகளைப் பார்த்தால், இந்த எண்ணை நினைச்சுக்கோங்க.

அந்த ஒரு எண்: கனஅடி என்றால் என்ன?

செய்திகளில் '8,000 கனஅடி', '50,000 கனஅடி' என்று சொல்றோம். ஒரு விநாடிக்கு எத்தனை கன அடி தண்ணீர் அந்த இடத்தைக் கடக்குது என்பதுதான் அந்தக் கணக்கு. ஒரு கன அடி என்பது சுமார் 28.3 லிட்டர்.

இதை இப்படிப் பார்க்கலாம். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியை எடுத்துக்கோங்க.

• 1,000 கனஅடி என்றால் விநாடிக்கு 2 லாரித் தண்ணீருக்கு மேல்.
• 10,000 கனஅடி என்றால் விநாடிக்கு 23 லாரிக்கு மேல்.
• 1 லட்சம் கனஅடி என்றால் விநாடிக்கு சுமார் 235 லாரித் தண்ணீர்.

கோடையில் சில நூறு கனஅடியாகச் சுருங்கிப் பாறைகள் காய்ந்து கிடக்கும் இதே இடத்தில், 2018, 2022, 2024 ஆண்டுகளில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 1 லட்சம் கனஅடிக்கு மேல் தண்ணீர் ஓடியது. அப்போ அருவிகள் தனித்தனியா தெரியாது. பாறை, நடைபாதை எல்லாத்தையும் மூடிக்கிட்டு ஆறு ஒரே பரப்பா ஓடும்.

அப்போ எத்தனை கனஅடி வரைக்கும் குளிக்கலாம்? இதுக்கு ஒரே ஒரு எண்ணை யாராவது சொன்னால் நம்பாதீங்க. தண்ணீர் ஏறிக்கிட்டிருக்கா, இறங்கிக்கிட்டிருக்கா, மேலே இருந்து இன்னும் எவ்வளவு வரப்போகுது, நடைபாதையும் கம்பிகளும் எந்த நிலையில் இருக்கு என எல்லாம் பார்த்துத்தான் மாவட்ட நிர்வாகம் முடிவெடுக்கும். சில நாள் பரிசலுக்கு மட்டும் தடை இருக்கும், சில நாள் ரெண்டுக்கும். அதனால் எண்ணையும் பாருங்க, அறிவிப்பையும் பாருங்க.

மழையே இல்லை... தண்ணீர் எப்படி ஏறுது?

இதுதான் பலரை ஏமாற்றும் இடம். ஒகேனக்கல்லில் வெயில் சுள்ளுன்னு அடிக்கும். ஒரு துளி மழை இருக்காது. ஆனா கண் முன்னாடியே தண்ணீர் ஏறும்.

காரணம், இங்கே வரும் தண்ணீர் இங்கே பெய்த மழை இல்லை. தென்மேற்குப் பருவமழை குடகு மலையிலும், கேரளாவின் வயநாட்டிலும் கொட்டும்போது மைசூரு பக்கம் இருக்கும் கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகள் நிரம்பும். இதில் கபினி சின்ன அணை. மொத்தக் கொள்ளளவே 20 டி.எம்.சி.-க்குள்தான். வயநாட்டில் சில நாள் கனமழை பெய்தாலே அது நிரம்பிடும். அப்புறம் வர்ற தண்ணீரை அப்படியே திறந்து விட்டுத்தான் ஆகணும். அது ஓரிரு நாளில் நம்ம எல்லைக்கு வந்து சேரும். வழியில் சிம்ஷா, அர்க்காவதி ஆறுகளும் கலக்கும். அந்தப் பகுதியில் பெய்யும் மழை கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகளில் நிற்காம வந்துடும்.

எல்லையில் தண்ணீரை அளக்கும் இடம்தான் பிலிகுண்டுலு. காவிரி வழக்கில் அடிக்கடி கேட்ட பெயர். மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையம் அங்கே இருக்கு. 2018 பிப்ரவரி 16-ம் தேதி உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில், தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் 177.25 டி.எம்.சி. தண்ணீர் தரணும்னு சொன்னதே இந்த பிலிகுண்டுலுவில் அளந்து தரணும் என்பதுதான். அங்கே ஏறும் தண்ணீர்தான் அடுத்து ஒகேனக்கல்லுக்கு வருது.

ஆகவே ஈஸியான ரூல் இதுதான்: கர்நாடக அணைகளில் தண்ணீர் திறப்பு அதிகரிப்புன்னு செய்தி வந்தால், அடுத்த 2, 3 நாளுக்கு ஒகேனக்கல் ட்ரிப்பைத் தள்ளி வையுங்க.

எந்த மாதம் போகலாம்?

• மார்ச் முதல் மே வரை: தண்ணீர் குறைவு. பரிசல் சவாரிக்குச் சில இடங்கள் மட்டும் சரிப்படும். ஐந்தருவி போன்ற இடங்களில் பாறைதான் அதிகம் தெரியும். பள்ளி விடுமுறை என்பதால் கூட்டம் அதிகம்.
• ஜூன் முதல் ஆகஸ்ட் வரை: தண்ணீர் எப்போ எவ்வளவு வரும்னு சொல்ல முடியாத காலம். பார்க்க அழகு, குளிக்க நிச்சயமில்லை. ஆடி 18-ம் பெருக்கு அன்று பெரும் கூட்டம் வரும்.
• செப்டம்பர் முதல் நவம்பர் வரை: தென்மேற்குப் பருவமழை தணிஞ்சிருக்கும். ஆனா வடகிழக்குப் பருவமழை, புயல் நேரத்தில் திடீர் ஏற்றம் உண்டு.
• டிசம்பர் முதல் பிப்ரவரி வரை: பொதுவா நிதானமான நீரோட்டம், இதமான வெயில். குழந்தைகள், பெரியவங்களோட போறவங்களுக்கு ஏற்ற காலம்.

பெண்ணாடத்திலிருந்து எப்படிப் போவது?

முதலில் ஒரு எச்சரிக்கை. நம்ம ஊர் பெண்ணாடம். பழைய பெயர் பெண்ணாகடம். ஒகேனக்கல் போற வழியில் இருக்கிற ஊர் பென்னாகரம். நம்மளது மூணு சுழி 'ண', அவங்களது ரெண்டு சுழி 'ன'. மேப்பில் தேடும்போதும், பஸ் போர்டு பார்க்கும்போதும் கவனம்.

ரயிலும் பஸ்ஸும்: பெண்ணாடத்திலிருந்து விருத்தாசலம் ஜங்ஷன் போயிடுங்க. அங்கிருந்து சின்னசேலம், ஆத்தூர் வழியா சேலத்துக்கு ரயில் பாதை இருக்கு. சேலம் புதிய பேருந்து நிலையத்தில் தருமபுரி பஸ். தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியா ஒகேனக்கல் சுமார் 46 கி.மீ. பென்னாகரத்திலிருந்து கடைசி 16 கி.மீ. காடும் மலைப்பாதையும்.

கார், வேன்: விருத்தாசலம், வேப்பூர், சின்னசேலம், ஆத்தூர், சேலம், தொப்பூர், தருமபுரி, பென்னாகரம். ஒரு பக்கத்துக்கு 250 கி.மீ.-க்கு மேல் ஆகும். தொப்பூர் கணவாய் விபத்துகளுக்குப் பேர் போன இடம். இறக்கத்தில் வேகத்தைக் குறைச்சு, கியரிலேயே இறங்குங்க.

பென்னாகரத்தைத் தாண்டிய மலைப்பாதையில் யானை நடமாட்டம் உண்டு. இருட்டும் முன்னாடி ஒகேனக்கல் போய்ச் சேர்ற மாதிரி கிளம்புங்க. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வனங்களைச் சேர்த்து 2022-ல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கு. வழியில் வண்டியை நிறுத்தி சமைக்கிறது, குரங்குக்குத் தீனி போடுறது, பாட்டில் உடைக்கிறது எல்லாம் வேண்டாம்.

முதல் நாள்: அவசரப்படாம பாருங்க

விடியற்காலையில் கிளம்பினால் பிற்பகலில் ஒகேனக்கல் சேர்ந்துடலாம். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு இங்கே இருக்கு. தனியார் லாட்ஜ்களும் நிறைய. சனி, ஞாயிறு, ஆடி மாதம், பொங்கல் நாட்களில் முன்பதிவு இல்லாம போகாதீங்க.

ரூமில் பையை வெச்சதும் நேரா தண்ணீருக்கு ஓட வேண்டாம். பயணக் களைப்போடு, இருட்டப் போகும் நேரத்தில் குளிக்கிறது நல்லதில்லை. முதல் நாள் மாலை இடத்தைப் புரிஞ்சுக்கத்தான். தொங்கு பாலத்தில் நடந்து போய் மெயின் அருவியையும், தண்ணீர் போகும் திசையையும் பாருங்க. எங்கே கம்பி போட்டிருக்காங்க, எங்கே பெண்களுக்குத் தனி இடம், எங்கே எச்சரிக்கைப் பலகை இருக்குன்னு மனசில் வாங்கிக்கோங்க. மறுநாள் கூட்டத்தில் இது ரொம்ப உதவும்.

வனத்துறையின் முதலைகள் மறுவாழ்வு மையமும் இங்கே இருக்கு. குழந்தைகளுக்குப் பிடிக்கும். பெரியவங்களுக்கும் ஒரு விஷயத்தை நினைவுபடுத்தும்: காவிரியின் இந்தப் பகுதியில் முதலைகள் உண்டு. அனுமதிக்காத இடத்தில் 'சும்மா காலை நனைச்சுட்டு வரேன்' என்று இறங்காம இருக்க இந்த ஒரு காரணமே போதும்.

மாலையில் காவிரிக் கரையில் இருக்கும் தேசநாதேஸ்வரர் கோயிலுக்குப் போகலாம். வெள்ளத்திலிருந்து ஊரைக் காத்ததாகத் தலபுராணம் சொல்லும் பிரளயகாலேஸ்வரர் கோயில் இருக்கும் பெண்ணாடத்துக்காரங்களுக்கு, ஆற்றங்கரைச் சிவன் புதுசு இல்லை.

இரண்டாம் நாள் காலை: பரிசல்

காலையில் சீக்கிரம் எழுந்து பரிசல் துறைக்குப் போயிடுங்க. நேரம் ஆக ஆகக் கூட்டமும் வெயிலும் ஏறும்.

பரிசல் என்பது மூங்கில் பிளாச்சுகளைப் பின்னிச் செய்த வட்டக் கூடை மாதிரி. முன்னாடி தோல் போர்த்தினாங்க. இப்போ பிளாஸ்டிக் படுதா, தார். அடிப்பகுதி தட்டையா இருக்கிறதால், முழங்கால் ஆழத் தண்ணீரிலும் பாறை மேல் வழுக்கிக்கிட்டுப் போகும். விசைப்படகு நுழைய முடியாத இடுக்கில் இது நுழையும். ஒரே ஒரு துடுப்பு. அதை வெச்சே ஓட்டுறவர் திசை திருப்புவார். சில இடங்களில் தண்ணீர் இல்லைன்னா, பரிசலைக் கவிழ்த்துத் தலையில் தூக்கிக்கிட்டு அடுத்த மடுவுக்கு நடப்பார். அப்போ நீங்களும் பாறையில் நடக்கணும், அதனால் வழுக்காத செருப்பு அவசியம்.

ஏறும் முன் கவனிக்க வேண்டியவை:

• கவுண்டரில் மட்டும் டிக்கெட் வாங்குங்க. கட்டணம், ஒரு பரிசலில் எத்தனை பேர் என்பது பலகையில் எழுதியிருக்கும். 'கவுண்டருக்கு வேண்டாம் சார், நான் கூட்டிட்டுப் போறேன்' என்று வழியில் யாராவது அழைச்சால் போகாதீங்க. கணக்கில் வராத சவாரிக்கு அசம்பாவிதம் நடந்தால் யாருக்கும் தெரியாது.
• லைஃப் ஜாக்கெட்டைத் தோளில் மாட்டிக்கிறது மட்டும் போதாது, கிளிப்பை முழுசா பூட்டணும். குழந்தைகளுக்கு அவங்க அளவுக்குத் தனியா கேளுங்க. பெரியவங்க ஜாக்கெட் குழந்தை தண்ணீரில் விழுந்தால் தலை வழியா கழண்டுடும்.
• பரிசலில் எடை ரெண்டு பக்கமும் சமமா இருக்கிற மாதிரி உட்காருங்க. நடுவில் எழுந்து நிற்கிறது, செல்ஃபிக்காக எல்லாரும் ஒரே பக்கம் சாய்வது கூடவே கூடாது. பரிசல் கவிழ்ந்து உயிர்கள் போன சம்பவங்கள் இங்கே நடந்திருக்கு.
• பரிசலைச் சுற்றிக் காட்டச் சொல்லி ஓட்டுறவரை வற்புறுத்தாதீங்க. அமைதியான இடத்தில் அவரே சுற்றுவார். அருவிக்கு அருகில் அது ஆபத்து.

சினி அருவி, பெரியபாணி என்று ஓட்டுறவர் ஒவ்வொரு இடத்துக்கும் பெயர் சொல்லிக்கிட்டே வருவார். மணிரத்னத்தின் 'ரோஜா' உட்படப் பல படங்களின் காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டிருக்கு. எங்கே எந்தப் படம்னு கேட்டால் ஒரு பெரிய லிஸ்ட் கிடைக்கும். நடு ஆற்றில் பாறைகளில் குளிர்பானம், நொறுக்குத்தீனி விற்கும் சின்னக் கடைகள் வந்தால், காலி கவரையும் பாட்டிலையும் கையோடு எடுத்துட்டு வந்துடுங்க.

மசாஜ், குளியல், மீன்: இந்த வரிசையில் செய்யுங்க

பரிசலை முடிச்சுட்டு வந்ததும், முதலில் மீன் கடைக்குப் போங்க. இங்கே மீனை வாங்கி, பக்கத்தில் அடுப்பு வெச்சிருக்கும் அக்காக்களிடம் கொடுத்தால், சுத்தம் செய்து மசாலா தடவி வறுத்தும், குழம்பு வெச்சும் தருவாங்க. இதுதான் ஒகேனக்கல் ஸ்பெஷல். மீன் விலை கிலோ கணக்கு, சமையல் கூலி தனி. ரெண்டையும் முன்னாடியே பேசிக்கோங்க. ஆற்று மீனா, வளர்ப்பு மீனா என்றும் கேட்டு வாங்குங்க. ருசியிலும் விலையிலும் வித்தியாசம் உண்டு.

குழம்பு கொதிக்கிற நேரத்தில் எண்ணெய் மசாஜ். கரையிலேயே மசாஜ் தொழிலாளர்கள் இருப்பாங்க. முதுகுவலி, எலும்பு முறிவு ஆபரேஷன் ஆனவங்க, ரத்த அழுத்தம் இருக்கிறவங்க, கர்ப்பிணிகள் மட்டும் தவிர்க்கிறது நல்லது. கழுத்தைச் சொடக்கு எடுக்க வேண்டாம்னு முதலிலேயே சொல்லிடுங்க.

அப்புறம் அருவிக் குளியல். கம்பிக்கு உள்ளே மட்டும். எண்ணெய் தேய்ச்ச காலோட பாறையில் நடந்தால் வழுக்கும், அதனால் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே போங்க. குழந்தையைத் தூக்கிக்கிட்டு நேரா தண்ணீர் விழும் இடத்தில் நிற்காதீங்க. குளிச்சுட்டு வந்தால் பசி வயிற்றைக் கிள்ளும். சூடான சோறு, மீன் குழம்பு, ரெண்டு துண்டு வறுவல். மதியம் 2 மணிக்குள் கிளம்பினால் இரவுக்குள் விருத்தாசலம் வந்துடலாம்.

போன இடத்தில் தடைன்னு சொல்லிட்டா?

முதலில், கேட்டில் நிற்கும் போலீஸ்காரரிடம் வாக்குவாதம் பண்ணாதீங்க. தடை போட்ட நாளில் நீங்க பார்க்கிற தண்ணீர் அளவும், இன்னும் 3 மணி நேரத்தில் வரப்போகும் அளவும் ஒண்ணு இல்லை. அனுமதிக்கும் இடத்திலிருந்து வெள்ளத்தைப் பாருங்க. அதுவும் வாழ்க்கையில் ஒரு முறை பார்க்க வேண்டிய காட்சிதான். அப்புறம் இந்த மூணில் ஒண்ணைத் தேர்ந்தெடுங்க.

1. மேட்டூர் அணை: ஒகேனக்கல்லைத் தாண்டிய காவிரி போய் நிற்கும் இடம். 1934-ல் கட்டி முடிச்ச ஸ்டான்லி நீர்த்தேக்கம். முழுக் கொள்ளளவு 120 அடி, 93.47 டி.எம்.சி. விநாடிக்கு 1 லட்சம் கனஅடி ஒரு நாள் முழுக்க வந்தால் அது சுமார் 8.6 டி.எம்.சி. அப்படின்னா காலியா இருக்கும் மேட்டூரை நிரப்ப 11 நாள் போதும். அணை நிரம்பி 16 கண் மதகு வழியா உபரி நீர் வெளியேறும் காட்சியைப் பார்க்கவே கூட்டம் வரும். சேலம் வழியா ஊர் திரும்புறவங்களுக்கு வசதியான இடம்.

2. பாப்பாரப்பட்டி: விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா தன் கடைசி நாட்களைக் கழித்து, 1925 ஜூலை 23-ம் தேதி உயிர் நீத்த ஊர். அவருக்கு இங்கே மணிமண்டபம் இருக்கு. பாரத மாதாவுக்குக் கோயில் கட்டணும் என்ற அவர் கனவின் நினைவாக பாரத மாதா நினைவாலயமும் கட்டியிருக்காங்க. தொழுநோயோடு ரயிலில் ஏறத் தடை இருந்தும், ஊர் ஊரா நடந்து போய்ப் பேசிய மனிதர். பிள்ளைகளுக்குச் சொல்ல இங்கே கதை இருக்கு.

3. அதியமான்கோட்டை: தருமபுரி பக்கத்தில் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கு. காலபைரவர் கோயில் பிரபலம். சென்றாயப் பெருமாள் கோயிலில் பழைய ஓவியங்கள் இருக்கு. தருமபுரிதான் அந்தக் காலத் தகடூர். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் ஊர்.

தடை போட்டால் யாருக்கு நஷ்டம்?

நமக்கு ஒரு லீவு நாள் போகும். ஆனா பரிசல் ஓட்டுறவங்க, மசாஜ் தொழிலாளர்கள், மீன் விற்கிறவங்க, சமைச்சுத் தரும் பெண்கள், சின்னக் கடைக்காரங்க எல்லாருக்கும் அன்றைய கூலியே போகும். வெள்ளம் வாரக்கணக்கில் நீடிச்சால், வாரக்கணக்கில் வருமானம் இல்லை. கோடையில் தண்ணீர் வத்தினாலும் இதே கதிதான். தண்ணீர் அதிகமானாலும் குறைஞ்சாலும் முதலில் அடி வாங்குறது இவங்கதான்.

அதனால்தான் சில நேரம் தடை நாளிலும் 'ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன்' என்று ரகசியமா அழைப்பு வரும். கூடுதல் பணம் கொடுத்து அதுக்குச் சம்மதிக்கிறது உதவி இல்லை. உங்க உயிரோட அவர் உயிரும் அதே பரிசலில்தான் இருக்கு. உதவணும்னு நினைச்சால், தடை நாளிலும் கடையில் சாப்பிடுங்க, மீன் வாங்கிச் சமைக்கச் சொல்லுங்க, பேரத்தில் கடைசி 20 ரூபாய்க்குச் சண்டை போடாதீங்க.

இன்னொரு விஷயமும் தெரிஞ்சுக்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் காவிக்கறை, எலும்புப் பாதிப்பு என்று தலைமுறைகளாக மக்கள் பாதிக்கப்பட்டாங்க. அதுக்குத் தீர்வாகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டு வந்து, 2013-ல் தொடங்கி வெச்சாங்க. நீங்க குளிக்கும் ஆறு, ரெண்டு மாவட்டத்துக்குக் குடிதண்ணீர். ஷாம்பு பாக்கெட், சோப்பு உறை, பழைய துணியை ஆற்றில் விடும் முன் இதை யோசிங்க.

இவற்றைச் செய்யாதீங்க

• மது குடிச்சுட்டுத் தண்ணீரில் இறங்காதீங்க.
• ஊட்டமலை, ஆலாம்பாடி போன்ற எச்சரிக்கைப் பலகை வெச்ச இடங்களில், ஆள் இல்லாத துறைகளில் குளிக்காதீங்க. மேலே அமைதியா தெரிஞ்சாலும் அடியில் சுழலும் ஆழமும் இருக்கும்.
• பாறை நுனியில் நின்று ரீல்ஸ் எடுக்காதீங்க. ஈரப் பாறையில் பாசி கண்ணுக்குத் தெரியாது.
• யாராவது தண்ணீரில் சிக்கினால் நீச்சல் தெரியாதவங்க குதிக்காதீங்க. துப்பட்டா, கயிறு, கம்பு, காற்றடைச்ச லைஃப் ஜாக்கெட் எது கிடைச்சாலும் வீசுங்க. சத்தம் போட்டுப் பரிசல்காரரைக் கூப்பிடுங்க.
• அவசரத்துக்கு: போலீஸ், தீயணைப்பு 112, ஆம்புலன்ஸ் 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077.

நீங்க கேட்கக்கூடிய கேள்விகள்

ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா?
பெண்ணாடம், விருத்தாசலத்திலிருந்து என்றால் போக வர 500 கி.மீ.-க்கு மேல். முடியும், ஆனா வேண்டாம். டிரைவருக்குத் தூக்கமும் இருக்காது, உங்களுக்குக் குளிக்க நேரமும் இருக்காது. சேலம், தருமபுரிக்காரங்களுக்கு ஒரு நாள் போதும்.

வயசானவங்களை அழைச்சுட்டுப் போகலாமா?
போகலாம். தொங்கு பாலம், கோயில், மீன் சாப்பாடு அவங்களுக்கும் பிடிக்கும். பரிசலில் ஏறி இறங்கும்போது குனிஞ்சு, கால் அகட்டி வைக்க வேண்டியிருக்கும். மூட்டுவலி இருந்தால் கரையிலேயே இருக்கட்டும்.

தண்ணீர் அளவை எங்கே பார்ப்பது?
பருவமழைக் காலத்தில் ஒகேனக்கல் நீர்வரத்தும், மேட்டூர் அணை நிலவரமும் தினமும் செய்திகளில் வரும். நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் சேர்த்துப் பாருங்க. ஏறுமுகமா இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்க. இறங்குமுகமா இருந்தாலும் தடை நீங்கிய அறிவிப்பு வந்த பிறகு கிளம்புங்க. தங்கப் போகும் லாட்ஜுக்கு ஒரு போன் போட்டாலும் நிலவரம் தெரிஞ்சுடும்.

ஒகேனக்கல் தண்ணீருக்கும் கடலூர் மாவட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?
நிறைய இருக்கு. ஒகேனக்கல், மேட்டூர், முக்கொம்பு, கொள்ளிடம், கீழணை என்று வரும் காவிரித் தண்ணீர்தான் வடவாறு வழியா வீராணம் ஏரிக்குப் போகுது. காட்டுமன்னார்கோயில் வயலுக்கும், சென்னைக் குடிநீருக்கும் அதுதான் ஆதாரம். ஒகேனக்கல்லில் லட்சம் கனஅடி தாண்டி, மேட்டூரும் நிரம்பியிருந்தால், சில நாளில் கொள்ளிடக் கரையோர ஊர்களுக்கு வெள்ள எச்சரிக்கை வரும். அதனால் அடுத்த முறை 'ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து அதிகரிப்பு' என்று திரையில் ஓடினால், டூர் போறவங்க மட்டும் இல்லை, கொள்ளிடக் கரையில் இருக்கிறவங்களும் அந்த எண்ணைக் கவனிங்க.